லெச்சுமிக்கு நான் அம்மை குத்தவில்லை

சென்ற மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு டிரஸர்கள் வந்திருந்தார்கள். இருவரும் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் வேலை பார்ப்பவர்கள். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் குழந்தைகளுக்கு வரும் கரப்பான் என்ற தோல் நோயில் வந்து நின்றது.

"ஐயா, கைப்புள்ளையா இருக்கறப்ப கரப்பான் வந்த புள்ளைங்களுக்குப் பின்னாடி மூச்சு இழுப்பு வருதுன்னு இப்ப புஸ்தகத்துல எழுதுறாங்க. உங்க காலத்துல அப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"பார்த்திருக்கேன்."

"எத்தனை கேஸ் ஐயா?"

"நெறைய. ஒரு வீட்டை மட்டும் மறக்க முடியல" என்று சொல்லி எழுந்துவிட்டேன். கிழவருக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். பேசப் பிடிக்காமல் இல்லை. இத்தனை வருஷமாகப் பேசக்கூடாது என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்தத் தடை இல்லை. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே தகுதியில் கப்பலேறி வந்து, கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டிரஸர் வேலைக்குப் பயின்றேன். கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, மலேரியாவுக்குக் கொய்னா கொடுப்பது, பிணத்தைத் துணி சுற்றுவது எல்லாம் இரண்டு வருஷத்தில் வந்துவிட்டது. எங்களுக்கு மேலாளராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அம்மை குத்துவதைக் கற்றுத்தந்த அன்று மட்டும் ஒன்று சொன்னார்.

"தோல் உடைஞ்ச பிள்ளைக்குக் குத்தக் கூடாது, கண்டியோ. அம்மைப்பால் கீறின இடத்தில நிக்காது."

காரணத்தை அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

அந்தக் காலத்தில் பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்துவது என்றால் இப்படி. பிள்ளையின் இடது மேல்கையைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவவேண்டும். ஸ்பிரிட் தடவினால் முழுக்கக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து செத்துவிடும். லான்செட் கத்தியை விளக்கில் காட்டி ஆறவிட வேண்டும். அம்மைப்பால் என்ற அந்த மருந்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் வரும். அதன் இரண்டு முனைகளையும் ஒடித்து, ஊதி, கையில் நான்கு துளி வைத்து, துளியின் மேலேயே கத்தியால் கீறவேண்டும். தோல் சிவந்தால் போதும், ரத்தம் ஓடக்கூடாது. காயும்வரை பிள்ளையின் கையை யாரும் தொடக்கூடாது. எட்டாம் நாள் கீறிய இடத்தில் நடுவில் குழி விழுந்த கொப்புளம் முத்துப்போல நிற்கும். நின்றால் பதிவேட்டில் 'பலித்தது' என்று எழுதுவோம். என் கையால் குத்தியது தவறிப்போனது அபூர்வம். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது.

பிறகு கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு கட்டில் உள்ள பலகை ஆஸ்பத்திரி. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைக்கார டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் அங்கே வைத்தியன் நான்தான்.

டாக்டர் துரை காலை எட்டு மணிக்கு வருவார் என்றால் எட்டுதான். தொப்பியை மாட்டிவிட்டு, கை கழுவி, கட்டில் கட்டிலாக நடப்பார். நோயாளியைப் பார்த்துப் பேசமாட்டார், என் கையில் இருக்கும் பதிவேட்டைப் பார்த்துப் பேசுவார். சொறி, சிரங்கு, கரப்பான் உள்ள பிள்ளைகளைக் கையால் தொடமாட்டார். பென்சிலின் பின்முனையால் மோவாயைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்த பென்சிலை என்னிடம் கொடுத்துவிடுவார். ஆனால் அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தோட்டத்து நிர்வாகத்தோடு சண்டை போட்டுச் சாக்கடை வெட்டவைத்துக் காய்ச்சல் சாவைப் பாதியாகக் குறைத்தவர் அவர். அந்த நன்றியும் மரியாதையும் எனக்கு இருந்தன. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டும் மாரிமுத்துவுக்கும் அஞ்சலைக்கும் முதல் பிள்ளை வேலு. மூன்றாம் மாதத்திலேயே இரண்டு கன்னமும் வெந்தது போலச் சிவந்து நீர் வடிந்தது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு. பிள்ளை சொறிந்து சொறிந்து அழும். நான் அரிசிக் கஞ்சித் தண்ணீரில் குளிப்பாட்டி, ஸிங்க் களிம்பு தடவி, கட்டுத் துணியில் சின்ன உறை தைத்துக் கைகளில் மாட்டிவிட்டேன். ஒரு வருஷம் விடாமல் செய்தேன். தோல் தெளிந்தது. அஞ்சலை என்னைக் கடவுளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

வேலுவுக்கு மூன்று வயது முடிந்த மழைக்காலத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நெஞ்சு குழிந்து, கழுத்து நரம்பு புடைத்து, விசில் ஊதுவது போலச் சத்தம். அஞ்சலை அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கடவுளைப் பார்த்த கண் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"கரப்பான அமுக்கினா உள்ள போயி நெஞ்சுல உக்காரும்னு எங்க ஆளுங்க தலையில அடிச்சிக்கிட்டுச் சொன்னாங்க. நான் கேக்கல. நீங்க களிம்பு போட்டு அடைச்சிட்டீங்க ஐயா."

"அது வேற, இது வேற, அஞ்சலை" என்றேன். உறுதியாகச் சொன்னேனே தவிர, எனக்கே உறுதி இல்லை. வேலு முட்டை தின்றால் உதடு வீங்கும். மாரிமுத்து தினமும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது இருபது தரமாவது தும்முவான். மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும். தோல், மூச்சு, மூக்கு, உதடு எல்லாம் ஒரே வீட்டில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை டாக்டரிடம் சொன்னேன்.

அவர் பதிவேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "அழுக்கு, டிரஸர். அழுக்கும் குடும்பத்தோடுதான் வரும்" என்றார்.

அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாவது பிள்ளை லெச்சுமி. அவளுக்கும் அதே கரப்பான், அண்ணனைவிட மோசம். இந்தத் தரம் அஞ்சலை என் களிம்பைத் தொடவிடவில்லை. கிள்ளான் பாசார் கடைத்தெருவில் ஒரு நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தடவினாள். அந்த எண்ணெயால் பெரிய நன்மை இல்லை, கெடுதலும் இல்லை. பிள்ளை ராப்பகலாய் அரிப்பில் துடிக்கும். அண்ணனின் கையைக் கட்டிக்கொண்டு படுத்தால்தான் தூங்குவாள் என்று அஞ்சலையே ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

ஐரோப்பா யுத்தத்துக்கு முந்தின வருஷம். துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் பெரியம்மை என்று செய்தி பரவியது. தோட்டங்களில் அம்மை குத்தாத பிள்ளை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரே காலையில் அறுபது பிள்ளைகளுக்கு மேல் குத்தினேன். டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலையின் முறை வந்தது. லெச்சுமிக்கு ஒன்றரை வயது. அஞ்சலை இழுப்பைச் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்ததால் வேலுவுக்கும் அதுவரை குத்தியிருக்கவில்லை. லெச்சுமியின் கையைக் கழுவத் துணியை எடுத்தேன். குத்துவதற்கு நல்ல தோலாக நாலு விரல் இடம் இல்லை. யாழ்ப்பாணத்தார் சொன்னது காதில் விழுந்தது.

"சார், இந்தப் பிள்ளைக்குத் தோல் ஆறியபிறகு குத்தலாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

டாக்டர் பென்சில் முனையால் லெச்சுமியின் மோவாயைத் தூக்கிப் பார்த்தார். "சரி. ஒத்திவை" என்றார். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"அஞ்சலை, பாப்பாவுக்கு இன்னைக்கு வேணாம். ஒடம்பு ஆறட்டும். வேலுவுக்கு மட்டும் குத்திடறேன்."

அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதியைப் பார்த்தேன். "நல்லதுங்க ஐயா" என்றாள். வேலுவின் கையில் நான்கு கீறல் போட்டேன். அவன் அழவில்லை. காயும்வரை கையை நீட்டிக்கொண்டு நின்றான். அறிவுள்ள டிரஸர் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டாம் நாள் எல்லாப் பிள்ளைகளும் கை காட்ட வந்தார்கள். வேலு கொப்புளத்தைச் சொறிந்து உடைத்திருந்தான். துடைத்து, கட்டுப் போட்டு, 'பலித்தது' என்று எழுதினேன். அஞ்சலையின் இடுப்பில் லெச்சுமி இருந்தாள். அவளை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் இவனைத் தனியாகப் படுக்கவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அந்தச் சமாதானத்தை எத்தனையோ முறை எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது ஒட்டுவதில்லை.

ஆறேழு நாள் கழித்து லெச்சுமிக்குக் கடும் காய்ச்சல். மறுநாள் முகம் முழுக்கக் கொப்புளம். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து என்று எங்கெங்கே கரப்பான் இருந்ததோ அங்கெல்லாம் கொப்புளம் நெருக்கமாக எழும்பியது. கண் மூடிக்கொண்டது. உதட்டைத் திறந்து பால் விட முடியவில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பெரியம்மை என்று அலறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தனிக் கொட்டகையில் வைத்தேன்.

பெரியம்மையை நான் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சுத்தமாக இருந்தன. கரப்பான் இல்லாத வயிற்றில் ஒன்றிரண்டுதான். ஒவ்வொரு கொப்புளமும் நடுவில் குழி விழுந்து முத்துப்போல இருந்தது. எட்டாம் நாள் கையில் பார்த்து 'பலித்தது' என்று எழுதும் அதே கொப்புளம். அப்போதுதான் வேலுவின் கையில் உடைந்திருந்த கொப்புளம் நினைவுக்கு வந்தது.

டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் முறைநாள் பார்க்காமல் அன்றைக்கே வந்தார். கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்காதபடி, உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து பிள்ளையின் கையைத் தன் கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணனுக்குக் குத்தியது என்றைக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"ஒரே பாயிலா படுக்கிறார்கள்?"

"ஆமாம், சார்."

எழுந்து கை கழுவினார். வெகு நேரம் கழுவினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டோம், உப்புத் தண்ணீரால் கழுவினோம், பஞ்சை நனைத்து வாயில் பிழிந்தோம். ஆறாம் நாள் முற்பகலில் லெச்சுமி இறந்தாள். அஞ்சலை பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, பாதங்களையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

செய்தி கேட்டு வந்த டாக்டர் பதிவேட்டைக் கேட்டார். சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் நான் எழுதவேண்டியதைச் சொன்னார்: கரப்பான் சீழ் பிடித்தது, நாட்டு எண்ணெய் தடவியதால், தாயின் கவனக்குறைவு.

நான் பேனாவைத் தொடாமல் நின்றேன்.

"டிரஸர், துறைமுகத்தில் பெரியம்மை இருக்கிறது. உண்மையை எழுதினால் நாளைக்கு இந்த ஜில்லாவில் ஒரு தாயாவது பிள்ளையின் கையை நீட்டுவாளா? இருபது பிள்ளை சாகும். ஒன்று செத்துவிட்டது. எழுது."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அவரே பாராட்டியிருக்கிறார். அழகாகத்தான் எழுதினேன்.

அது அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் தாய்மார்களை எல்லாம் தாழ்வாரத்துக்கு வரச் சொன்னார். அவருக்குத் தமிழ் வராது. அவர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் தமிழில் சொல்லவேண்டும். அஞ்சலை முன்வரிசையில் நின்றாள். வேலு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மை குத்துவதால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் வராது" என்றார். சொன்னேன்.

"நாட்டு எண்ணெயும் அழுக்கும்தான் பிள்ளைகளைக் கொல்கின்றன" என்றார். சொன்னேன்.

"போன வாரம் இங்கே இறந்த குழந்தை தன் தாய் தடவிய எண்ணெயால் இறந்தது" என்றார்.

ஒரு கணம் நின்றேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொன்னேன். எல்லாப் பெண்களும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவள் அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தலை குனிந்து நின்றாள். தன் மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். அன்றிலிருந்து லயத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவள் தூக்க விடவில்லை. மூன்றாம் மாதம் அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வருஷம் என் வேலையைப் பாராட்டி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு பிள்ளைகூட விடாமல் குத்தியதற்காக.

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் ஒளிவு மறைவாகத்தான். கரப்பான் பிள்ளை இருக்கும் வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் குத்தாமல், பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதிவைப்பேன். கரப்பான் கண்ட பிள்ளைகளில் யாருக்கு இழுப்பு வருகிறது, யாருக்குத் தும்மல் வருகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தேன். களிம்பு போட்ட பிள்ளைக்கும் வந்தது, போடாத பிள்ளைக்கும் வந்தது. அஞ்சலையிடம் அன்றைக்கு நான் சொன்னதும் சரியில்லை, அவள் சொன்னதும் சரியில்லை. கரப்பானுக்கும் இழுப்புக்கும் தொடர்பு உண்டு, ஆனால் யாரும் அமுக்கி உள்ளே அனுப்பவில்லை. அந்த நோட்டை டாக்டர்கள் யாரும் கேட்கவில்லை. கறையான் தின்றது.

ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸில் குடியேறியபின் அக்கம்பக்கத்தார் ஊசி போட என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் மத்தியானம் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து ஓர் ஆள் வந்தார்.

"ஐயா, எங்க வரிசையில ஒரு ஆளுக்கு இழுப்பு. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு அடம் புடிக்கிறாரு. ஒரு நடை வாங்க."

போனேன். இருபது வயது தாண்டிய ஒருவன் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தான். அட்ரினலின் ஊசி போட்டேன். சட்டைக் கையை மேலே தள்ளியபோது மேல்கையில் நான்கு தழும்பு தெரிந்தது. நிமிர்ந்தேன். கதவருகே அஞ்சலை நின்றாள். தலை நரைத்திருந்தது.

"டிரஸர் ஐயாவா?" என்றாள்.

மூச்சுத் தணிந்த வேலு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தான். அஞ்சலை என்னைப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப்போனாள். மாரிமுத்து இறந்துவிட்டான் என்றாள். இத்தனை வருஷம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அஞ்சலை, லெச்சுமி ஒன்னோட எண்ணெயால சாகல. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

அவள் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். "மெதுவா பேசுங்க ஐயா."

"உண்மையச் சொல்லிடறேன். அம்மை குத்துனதுல..."

"நீங்க அவளுக்குக் குத்தலையே. வேலுவுக்குத்தானே குத்துனீங்க."

"ஆமா."

"அத்தோட விடுங்க. அவன் கையில இருந்த கொப்புளமும் அவ மொகத்துல இருந்த கொப்புளமும் ஒண்ணுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? கொட்டகையில வச்சு மொதல்ல பார்த்தப்பவே தெரியும்."

நான் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "தெரிஞ்சுமா அத்தனை பேர் முன்னால பேசாம நின்ன?"

"நான் எண்ணெய் இல்லைன்னு சொன்னா, பின்ன எதனாலன்னு கேப்பாங்க. அவன் என் சேலையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். அஞ்சு வயசு. தங்கச்சி அண்ணன் கையைக் கட்டிக்கிட்டுத் தூங்குனதால செத்தான்னு அவன் காதுல விழணுமா ஐயா? அம்மா தடவுன எண்ணெயால செத்தான்னே இருக்கட்டும். அவன்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் வேலு எழுந்துவிட்டானா என்று பார்க்க உள்ளே போனாள். மன்னிக்கும் வேலையை எனக்கே மிச்சம் வைத்துவிட்டாள்.

அதன்பிறகு வேலுவுக்கு இழுப்பு வரும்போதெல்லாம் போவேன். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தது. அதற்கும் கன்னமெல்லாம் கரப்பான். ஒரு நாள் என்னைச் சாலைவரை கொண்டுவிட வந்தவன் சொன்னான்:

"புள்ளைய எங்கம்மா தொட விடமாட்டேன் ஐயா. தங்கச்சிய எண்ணெயத் தடவியே கொன்னுட்டாங்க. பெத்தவங்கன்னுதான் வச்சிருக்கேன் லா. ஆனா அத மறக்க முடியல."

நான் நின்றேன். தாழ்வாரத்தில் நின்றது போலவே நின்றேன். அன்றைக்குப் பேசியிருக்கக் கூடாது, பேசினேன். இன்றைக்குப் பேசவேண்டும், வாயில்லை. கடைசியில், "புள்ளைக்குத் தோல் ஆறுற வரைக்கும் வீட்ல யாருக்கும் அம்மை குத்த விடாத" என்று மட்டும் சொன்னேன்.

"ஏன் ஐயா?"

"புதுசா அப்படி ஒரு விதி" என்றேன். அப்படி ஒரு விதியை நான் எங்கும் பார்த்ததில்லை.

சென்ற வருஷ மழையில் வேலுவுக்கு இழுப்பு வந்து, ஊசி போட்டும் தணியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபின் அஞ்சலையிடம் போனேன். மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குழந்தை அஞ்சலையின் மடியில் இருந்தது. அதன் கன்னத்தைச் சொறியவிடாமல் இரண்டு கையையும் தன் கைக்குள் பொத்திவைத்திருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள்.

"இனிமே நீங்க சொல்லலாம் ஐயா. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. அவன் காதுல விழாது."